பிக்அப்புக்கு சீப் சைடு ஸ்டெப்ப வீட்லயே மாட்டுறது எப்படி: பலகைய விடுங்க, போல்ட்ட பாருங்க

நான் இருக்கறது சிங்கப்பூர். நம்ம வண்டி டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கேப் (ரெண்டு வரிசை சீட்டு, நாலு கதவு பிக்அப்), ஏர்கான் சர்வீஸ் வேலைக்காக எடுத்தது. எனக்கு ஏறி எறங்க ஒண்ணும் பிரச்சனை இல்ல, ஆனா வெள்ளிக்கிழமை ஆனா அம்மாவ வீரமாகாளியம்மன் கோயிலுக்கு கூட்டிட்டு போகணும், அவங்களுக்கு முட்டி வலி, சேலை வேற, ஒரு கைல கதவு மேல இருக்க கைப்பிடி இன்னொரு கைல என் தோளு, "இது வண்டியாடா இல்ல யானையா"ன்னு ஒவ்வொரு வாட்டியும் கேப்பாங்க. சரி, கதவுக்குக் கீழ கால் வச்சு ஏற ஒரு பலகை, அதான் சைடு ஸ்டெப், போட்டுடலாம்னு வொர்க்ஷாப்ல கேட்டா பொருளும் கூலியும் சேத்து 480 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஆன்லைன்ல அதே மாதிரி தெரியுற அலுமினிய ஸ்டெப் ஒரு ஜோடி 165 வெள்ளி. அப்புறம் என்ன, வாங்கி மச்சான் வீட்டு போர்ச்சுல நானே மாட்டிட்டேன். ஒரு எடத்துல நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன், அத நீங்க வாங்கிக் கட்டிக்க வேணாம்னுதான் இத எழுதுறேன்.

வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். ஒண்ணு, எல்டிஏ, அதான் தரைவழிப் போக்குவரத்து ஆணையம், அவங்களோட ஒன்மோட்டரிங் இணையதளத்துல வண்டில எத மாத்தலாம், எதுக்கு அனுமதி வேணும், எது கூடவே கூடாதுன்னு பிரிச்சுப் போட்டிருக்காங்க, அத மொதல்ல படிச்சிடுங்க. நம்மளோடது கூட்ஸ் வண்டி, வருஷா வருஷம் இன்ஸ்பெக்ஷனுக்குப் போகணும், 10 வருஷம் தாண்டிட்டா ஆறு மாசத்துக்கு ஒருக்கா, அங்க போய் நின்னுக்கிட்டு "இத கழட்டிட்டு வா"ன்னு சொல்ல வச்சிக்காதீங்க. கம்பெனி வண்டின்னா தவுக்கேகிட்ட, அதான் மொதலாளிகிட்ட, ஒரு வார்த்தை கேட்டுட்டு மாட்டுங்க, இன்சூரன்ஸ்காரங்களுக்கும் சொல்லிடுங்க.

ரெண்டாவது, உங்க வண்டிக்கு சேருற கிட்தானான்னு (பலகை, போல்ட்டு எல்லாம் சேந்து வர்ற செட்டு) பாருங்க. விக்கிறவங்க "ஹைலக்ஸ் எல்லா மாடலுக்கும் சேரும்"னு கூசாம போடுவாங்க. 2015ல வந்த மாடலோட அடிப்பக்கமும் அதுக்கு முந்தின வீகோவோட அடிப்பக்கமும் ஒண்ணு கிடையாது, ஓட்டை இருக்க எடம் மாறும். சிங்கிள் கேப், டபுள் கேப்புக்கு பலகை நீளமே வேற. அதனால காசு கட்டுறதுக்கு முன்னாடி வண்டிக்கு அடியில போன விட்டு நாலஞ்சு போட்டோ எடுத்து, "இந்த ஓட்டையிலதான் மாட்டணுமா"ன்னு கடைக்காரனுக்கே அனுப்பிக் கேளுங்க. பதில் சொல்லாதவன்கிட்ட வாங்காதீங்க. எவ்வளவு வெளிய நீட்டுதுங்கறதையும் கேட்டுக்குங்க, நம்மூர் பார்க்கிங் லாட்டு அகலம் 2.4 மீட்டர், ஹைலக்ஸ் அகலம் 1.855 மீட்டர், நடுவுல நிறுத்துனா ஒரு பக்கத்துக்கு 27 சென்டிமீட்டர் சொச்சம்தான் மிச்சம், அதுல ஸ்டெப்பும் நீட்டிக்கிட்டு நின்னா பக்கத்து வண்டிக்காரர் கெண்டைக்கால்ல இடிச்சிக்கிட்டு நம்மள வாழ்த்திட்டுப் போவாரு.

பொட்டி வந்ததும் எல்லாத்தையும் தரையில பரப்பி எண்ணிடுங்க. என் கிட்டுல ரெண்டு பலகை, பக்கத்துக்கு மூணு பிராக்கெட் (பலகைய வண்டியோட பிடிச்சு நிறுத்துற இரும்புத் தாங்கி), ஒரு பை நிறைய போல்ட்டு நட்டு வாஷர், அப்புறம் ஒரு பேப்பர், அதுல இருக்க படம் மழையில நனைஞ்ச மாதிரி இருந்துச்சு. பிராக்கெட்டுல இடது வலதுன்னு குறி இருந்தா சரி, இல்லன்னா நீங்களே மார்க்கர்ல எழுதி வச்சிக்குங்க, பாக்க ஒரே மாதிரி இருக்கும் ஆனா முன்னாடி போறதும் நடுவுல போறதும் வளைவு கொஞ்சம் மாறும்.

இப்ப முக்கியமான எடம். சீப் கிட்டுல பலகை பெரும்பாலும் பரவால்ல, நான் 85 கிலோ, மேல நின்னு குதிச்சே பாத்துட்டேன். விலைய எங்க குறைக்கிறாங்கன்னா போல்ட்டுலயும் பெயிண்டுலயும். போல்ட்டு தலையப் பாருங்க, 8.8ன்னு அடிச்சிருந்தா நம்பலாம், அது போல்ட்டோட பலத்த சொல்ற கிரேடு, ஒண்ணுமே அடிக்காம மொழுக்குனு இருந்தா அது என்ன இரும்புன்னு செஞ்சவனுக்கே தெரியாது. நான் அந்தப் பைய அப்படியே ஓரமா வச்சிட்டு ஜாலான் புசார் பக்கம் ஹார்ட்வேர் கடையில புதுசா 8.8 போல்ட்டு, பெரிய வாஷர், நைலான் வளையம் வச்ச லாக் நட்டுன்னு ஒரு செட்டு வாங்கிட்டேன், 20 வெள்ளிகூட ஆகல. ஸ்டெயின்லெஸ் துரு பிடிக்காதேன்னு சிலர் அத வாங்குவாங்க, தப்பில்ல, ஆனா சாதாரணமா கடையில கெடைக்கிற ஏ2-70 ஸ்டெயின்லெஸ் 8.8 அளவுக்கு பலம் கிடையாது, அதோட ஸ்டெயின்லெஸ் போல்ட்டுல ஸ்டெயின்லெஸ் நட்ட வேகமா முறுக்குனா பாதியில அப்படியே ஒட்டிக்கும், அப்புறம் வெட்டித்தான் எடுக்கணும். போட்டே ஆகணும்னா ஆன்டி சீஸ் (மரை ஒட்டிக்காம இருக்கப் பூசுற பசை மாதிரி கிரீஸ்) பூசி, மெதுவா கையால திருகுங்க.

போல்ட்டு வாங்குறப்ப மரை, அதான் திரெட், அதுலதான் நான் மாட்டுனேன். எம்8 போல்ட்டுன்னா (8 மிமீ தடிப்பு) பிரச்சனை இல்ல, ஜப்பான் வண்டியிலயும் கடையிலயும் பொதுவா 1.25 பிட்ச்தான், அதாவது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் 1.25 மிமீ இடைவெளி. எம்10ல கதை வேற. கடையில எம்10ன்னு கேட்டா குடுக்குறது 1.5 பிட்ச், ஜப்பான் வண்டில ஏற்கனவே வெல்டு பண்ணி வச்சிருக்க நட்டு பெரும்பாலும் 1.25. ரெண்டும் ஒரே தடிப்பு, கண்ணால பாத்தா வித்தியாசமே தெரியாது, மொத ரெண்டு சுத்து உள்ள போகும், அப்புறம் இறுகும், "பெயிண்டு அடைச்சிருக்கு போல"ன்னு நெனச்சு ராட்செட்ட போட்டு ஒரு அழுத்து அழுத்துனேன் பாருங்க, வண்டியோட மரை போச்சு. அந்த ஒரு ஓட்டைய சரி பண்ண எம்10 1.25 டேப் (ஓட்டைக்குள்ள மரை வெட்டுற கருவி) வாங்கி, எண்ணெய் விட்டு, அரை சுத்து முன்னாடி கால் சுத்து பின்னாடின்னு ஒரு மணி நேரம் மல்லாக்கப் படுத்துக்கிட்டு போராடுனேன், முகம் பூரா இரும்புத் தூளு. மச்சான் தே தாரிக்க, அதான் இழுத்து ஆத்துன டீய, கைல வச்சிக்கிட்டு நின்னு வேடிக்கை பாத்தாரு. அதனால ரூல் ஒண்ணே ஒண்ணு: வண்டியில இருக்க மரைக்குள்ள போற எந்தப் போல்ட்டும் மொத அஞ்சாறு சுத்து வெறும் விரல்லயே போகணும். போகலன்னா நிறுத்துங்க. வெளிய எடுத்து, பிட்ச் கேஜ் (மரை இடைவெளி அளக்குற பல்லு வச்ச தகடு) வச்சுப் பாருங்க, இல்ல வண்டில இருந்தே பக்கத்துல ஒரு போல்ட்ட கழட்டி ரெண்டையும் மரையோட மரை ஒட்டி வெளிச்சத்துல பிடிங்க, பல்லுக்குப் பல்லு உக்காந்தா ஒண்ணு, இடைவெளி தெரிஞ்சா வேற.

ஸ்பானர் சைஸும் இதே குழப்பம்தான். டொயோட்டாவோட எம்8 தலைக்கு 12 மிமீ சாக்கெட், எம்10க்கு 14. கிட்டுல வர்ற எம்8க்கு 13, எம்10க்கு 16 இல்லன்னா 17. சைஸ் சரியில்லாம போட்டு முனைய மழுக்கிடாதீங்க.

மாட்டுறதுக்கு மொத நாளே செய்ய வேண்டிய வேலை ஒண்ணு இருக்கு, நெறைய பேரு இத விட்டுடுறாங்க. பிராக்கெட்டு பாக்க கருப்பா பளபளன்னு இருக்கும், ஆனா வெல்டு மூலையிலயும் ஓட்டை ஓரத்துலயும் பெயிண்டு மெல்லிசா இருக்கும், சில எடத்துல இருக்கவே இருக்காது. நம்ம ஊரு மழைக்கும் புழுக்கத்துக்கும் கடல் காத்துக்கும் சில மாசத்துல அங்கதான் செவப்பா ஒழுக ஆரம்பிக்கும். அந்த எடத்த மட்டும் சாண்ட்பேப்பர்ல லேசா தேச்சு, துடைச்சு, ஜிங்க் ஸ்ப்ரே ரெண்டு கோட்டு, அது காஞ்சதும் மேல கருப்பு ஸ்ப்ரே. ராத்திரி முழுக்க காய விடுங்க. அலுமினிய பலகையும் இரும்பு பிராக்கெட்டும் தொடுற எடத்துல மெல்லிசா ரப்பர் ஷீட்டு வெட்டி வச்சா நல்லது, ரெண்டு வேற வேற உலோகம் ஈரத்தோட ஒட்டிக்கிட்டு இருந்தா அலுமினியம் வெள்ளப் பொடியா அரிக்கும். பலகைக்குப் பதிலா உருண்டை குழாய் மாதிரி ஸ்டெப் வாங்கியிருந்தா ரெண்டு முனை பிளாஸ்டிக் மூடிலயும் அடிப்பக்கம் தண்ணி வெளிய போக ஓட்டை இருக்கான்னு பாருங்க, இல்லன்னா மூடிய கழட்டி அதுல சின்னதா ஒண்ணு போட்டுடுங்க, குழாய்க்குள்ள தண்ணி தேங்குச்சுன்னா உள்ளேர்ந்து துரு பிடிக்கும், கொசு வேற குடித்தனம் பண்ணும்.

எடம் விஷயம். எச்டிபி அடுக்குமாடி கார் பார்க்குல வண்டிக்கு அடியில படுத்து வேலை பாக்குறதெல்லாம் சரிப்படாது, தரை வீடு இருக்க சொந்தக்காரரையோ தெரிஞ்சவங்க கிடங்கையோ பிடிங்க. காலையில பசியாறிட்டு ஒம்போது மணிக்குள்ள ஆரம்பிச்சிடுங்க, மத்தியானத்துக்கு மேல மழை எப்ப கொட்டும்னு சொல்ல முடியாது. பிக்அப்புக்கு அடியில எடம் இருக்கு, ஜாக்கி போட்டுத் தூக்கத் தேவையே இல்ல, சமதரையில நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, டயருக்கு கட்டை வச்சா போதும். அப்படியும் தூக்கணும்னா ஜாக்கிய மட்டும் நம்பி உள்ள போகாதீங்க, ஸ்டாண்டு வைங்க. எக்ஸாஸ்ட் ஆறட்டும். கண்ணாடி போட்டுக்குங்க, மண்ணும் துருவும் நேரா கண்ணுல விழும்.

அடியில போனதும் கிட்டு சொல்ற ஓட்டைய கண்டுபிடிங்க. சில வண்டியில அது சேசிஸ்ல, அதான் வண்டியோட அடிச்சட்டத்துல, இருக்கும், சில வண்டியில கதவுக்குக் கீழ பாடி ஓரத்துல, மேல ரப்பர் மூடி இருக்கும், நெம்பி எடுங்க. பாடி ஓரத்துல தண்ணி வடியறதுக்குன்னே சின்னச் சின்ன ஓட்டை இருக்கும், அத பிராக்கெட்டால அடைச்சிடாதீங்க. சேசிஸ் ஓரமா பிரேக் பைப்பு, டீசல் பைப்பு, ஒயரு எல்லாம் ஓடுது, பிராக்கெட்டு அதுல உரசுதா, போல்ட்டு நுனி அதக் குத்துதான்னு கைய விட்டுத் தடவிப் பாருங்க. சேசிஸ்ல புதுசா டிரில் போடவே போடாதீங்க. ஓட்டை சேரலன்னா அது உங்க வண்டி கிட்டு இல்ல, திருப்பி அனுப்புங்க.

மரைக்குள்ள மண்ணும் மெழுகும் அடைச்சிருக்கும், டபிள்யூடி-40 அடிச்சு பழைய பல்லு விளக்குற பிரஷ்ஷால சுத்தம் பண்ணுங்க. நட்டு இல்லாத வெறும் ஓட்டைன்னா கிட்டுல தகடோட ஒட்டுன போல்ட்டு இருக்கும், அத பக்கத்து பெரிய ஓட்டை வழியா உள்ள விட்டு வெளிய எடுக்கணும், நுனியில மீன் பிடிக்கிற தங்கூசிய கட்டி இழுத்தா சுலபமா வந்துடும், இல்லன்னா உள்ள விழுந்து வாழ்நாள் முழுக்க கடகடன்னு சத்தம் போட்டுக்கிட்டே இருக்கும். வெல்டு விட்டுப்போய் உள்ள நட்டு கூடவே சுத்துச்சுன்னா வம்பு பண்ணாம அந்த ஒண்ண மட்டும் வொர்க்ஷாப்ல குடுத்து ரிவெட் நட்டு (தகடுல நசுக்கிப் பொருத்துற நட்டு) போட்டுக்குங்க.

இப்ப மாட்டுற வரிசை. மூணு பிராக்கெட்டையும் கையால மட்டும் மாட்டுங்க, ஆடணும், இறுக்கவே கூடாது. ஒண்ண இறுக்கிட்டு அடுத்ததுக்குப் போனீங்கன்னா மூணாவது ஓட்டை சேரவே சேராது, நூத்துக்கு நூறு. அப்புறம் பலகைய தூக்கி மேல வைங்க, இதுக்கு இன்னொரு ஆளு வேணும், எங்க வேலையாள் தம்பி புதுக்கோட்டைக்காரன், ஒத்தக் கைல தூக்கிப் பிடிச்சான், உங்களுக்கு ஆளில்லன்னா பக்கெட்ட கவுத்து முட்டுக் குடுங்க. பலகையில வர்ற போல்ட்டு அடிப்பக்க தடத்துல வழுக்கிக்கிட்டு ஓடும், அத மூணு பிராக்கெட்டுக்கு நேரா தள்ளி நட்ட ரெண்டு சுத்து விடுங்க. இப்ப கொஞ்ச தூரம் தள்ளி நின்னு பாருங்க, முன்னாடி டயர் ஓரத்துலயும் பின்னாடி டயர் ஓரத்துலயும் இடைவெளி சமமா இருக்கா, பாடியோட பலகை ஒரே கோட்டுல போகுதான்னு அளவு டேப் வச்சு அளந்துக்குங்க. நாலு கதவையும் முழுசா தொறந்து மூடிப் பாருங்க. எல்லாம் சரின்னா மொதல்ல வண்டிப் பக்கத்து போல்ட்டு, நடு பிராக்கெட்டுல ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும், அப்புறம் பலகைப் பக்கத்து போல்ட்டு.

எவ்வளவு இறுக்கணும்? கிட்டு பேப்பர்ல நம்பர் இருந்தா அதான் கணக்கு. இல்லன்னா 8.8 எம்8க்கு 22லேர்ந்து 25 நியூட்டன் மீட்டர், எம்10க்கு 45 பக்கம், பாடி ஓரத்து மெல்லிசு தகடுல இருக்க நட்டுன்னா இதவிட கம்மியா வைங்க. ஆன்டி சீஸ் பூசியிருந்தாலும் குறைக்கணும், வழவழன்னு இருக்கறதால அதே நம்பர்ல போல்ட்டு ரொம்ப இழுபடும். டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குறோம்னு அளந்து காட்டுற ஸ்பானர்) இல்லாதவங்க கடன் வாங்குங்க, "கை பழகிடுச்சு"ன்னு சொன்னவங்க எத்தன பேரு போல்ட்ட முறிச்சாங்கன்னு எனக்குத் தெரியும், அதுல ஒருத்தர் எங்க மச்சான். லாக் நட்டு போட முடியாத எடத்துல நீலக் கலர் லாக்டைட் (மரை கழலாம பிடிச்சுக்குற பசை) ஒரு சொட்டு. செவப்பு வேணாம், சூடு காட்டாம கழட்ட முடியாது.

ஒரு பக்கம் எனக்கு மரை கூத்தையும் சேத்து மூணரை மணி நேரம் ஆச்சு, அடுத்த பக்கம் 50 நிமிஷம்.

மாட்டுனதும் ஓரத்துல ஏறி நின்னு மெதுவா ஆட்டுங்க. பலகை கொஞ்சம் வளையறது சகஜம், டக்குனு சத்தம் வந்தா ஏதோ ஒண்ணு லூஸு. எல்லா போல்ட்டு தலையிலயும் வெள்ளை பெயிண்ட் மார்க்கர்ல பிராக்கெட்டு வரைக்கும் ஒரு கோடு போட்டுடுங்க, பின்னால அந்தக் கோடு விலகியிருந்தா அது திரும்பியிருக்குன்னு படுக்காமலே டார்ச் அடிச்சுத் தெரிஞ்சிக்கலாம். ஒரு வாரம் ஓட்டிட்டு எல்லாத்தையும் மறுபடி ரெஞ்ச் வச்சுப் பாருங்க, எனக்கு ஆறுல ரெண்டு பிராக்கெட்டு கால் சுத்து வாங்குச்சு, பெயிண்டு அமுங்கி உக்காந்திருக்கு. பிஐஇ எக்ஸ்பிரஸ்வேல போறப்ப உய்ய்னு சத்தம் வந்தா பலகை முனை மூடி லூஸா இருக்கும், உள்ள கொஞ்சம் ஃபோம் டேப் ஒட்டுங்க போயிடும். டயர் மாத்துறப்ப ஸ்டெப்புல மட்டும் ஜாக்கிய வச்சிடாதீங்க, வொர்க்ஷாப் பையன்கிட்டயும் சொல்லி வைங்க.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா கைப்பிடிய தொடாம ஏறி உக்காந்தாங்க. எறங்குறப்ப மழை, பலகை ஈரம், செருப்பு வழுக்கப் பாத்துச்சு. அன்னைக்கு சாயங்காலமே படிக்கட்டுக்கு ஒட்டுற சொரசொர டேப் வாங்கி, கால் வைக்கிற எடத்துல ரெண்டு பட்டை ஒட்டிட்டேன், அதையும் லிஸ்ட்ல சேத்துக்குங்க, 6 வெள்ளி.