காலநிலை மாற்றம் பற்றிக் கதைக்கும்போது நாங்கள் விடுகிற பிழைகள்

கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ ஒரு கூட்டத்தில் எழுந்து காலநிலை மாற்றம் பற்றிக் கதைக்கும் எங்கள் ஆட்கள் பலர் சனத்துக்கு விஞ்ஞானிகளில் நம்பிக்கை இல்லை என்று முதலே முடிவுகட்டிக்கொண்டுதான் வருகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 68 நாடுகளில் ஏறத்தாழ 72,000 பேரிடம் கேட்டு 2025 ஜனவரியில் வெளிவந்த ஆய்வைப் பார்த்த பிறகு அந்த நினைப்பு மாறியது. அதில் நம்பிக்கைக்குக் கிடைத்த சராசரி 5க்கு 3.62. விஞ்ஞானிகள் தகுதி உள்ளவர்கள் என்று 78 சதவீதம் பேர் சொல்லியிருக்கிறார்கள், மற்றவர்கள் சொல்வதற்கு அவர்கள் காது கொடுக்கிறார்கள் என்று சொன்னதோ 42 சதவீதம் பேர்தான்.

விஞ்ஞானியின் படிப்பில் சந்தேகமே படாத மனிதரிடம் இன்னும் பத்து வரைபடம் காட்டி என்ன பயன்?

களனி கங்கைக் கரையில், கொலன்னாவைப் பக்கம் கதைக்கப் போகிறீர்கள் என்று வையுங்கள். 2016 மே மாத வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று முதலில் கேளுங்கள், சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள். கான் அடைத்துக் கிடந்ததையும் சதுப்பு நிலத்தை மண் போட்டு நிரப்பியதையும் அவர்களே சொல்வார்கள். அதையெல்லாம் கேட்டுவிட்டு "இது காலநிலை மாற்றத்தால் வந்த வெள்ளம்" என்று ஒரே வரியில் முடிப்பதுதான் நான் கண்டதில் ஆகப் பெரிய பிழை, ஏனென்றால் கண்ணால் பார்த்ததை நீங்கள் மறைக்கிறீர்கள் என்று அவர்களுக்கு உடனே விளங்கிவிடும், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையும் எடுபடாது. காற்று ஒரு பாகை சூடேறினால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும், அதனால் கொட்டும் மழை இன்னும் பலமாகக் கொட்டும், கானும் சதுப்பு நிலமும் சரியாக இருந்தால் அதில் ஒரு பங்கையாவது தாங்கியிருக்கும் என்று இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

தெரியாததை மறைப்பதும் அதே மாதிரியான பிழை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியோடு பார்த்தால் 2011 முதல் 2020 வரையான காலத்தில் பூமி ஏறத்தாழ 1.1 பாகை சூடாகியிருந்தது, அதற்கு மனிதர்தான் காரணம், இதில் ஐயமில்லை. இன்னும் முப்பது வருடத்தில் கொழும்பில் மழை எவ்வளவு கூடும், குறையும் என்பதை அதே உறுதியோடு சொல்ல முடியாது. அதை வாய்விட்டுச் சொன்னால் மரியாதை ஒன்றும் குறையாது.

அப்புறம் பசளை விஷயம். 2021இல் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தபோது விவசாய விஞ்ஞானிகள் பலர் விளைச்சல் விழும் என்று எச்சரித்தார்கள், நவம்பரில் தடையையே திரும்பப் பெற வேண்டி வந்தது, அடுத்து வந்த அறுவடையில் நெல் விளைச்சலும் விழுந்தது. ஆனால் சூழலின் பெயரைச் சொல்லித்தான் அந்தத் தடை வந்தது என்பதால், அரசியல்வாதி சொன்னதும் விஞ்ஞானி சொன்னதும் பலருடைய மனதில் ஒன்றாகிவிட்டன. யார் எதைச் சொன்னார்கள் என்று பிரித்துச் சொல்லாமல் மேலே போகாதீர்கள்.

மொழியும் இருக்கிறது. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது தமிழில் எச்சரிக்கை பிந்தியது என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. பிந்தி வருகிற எச்சரிக்கையை யார் நம்புவார்கள்? நேரத்துக்கு வந்தாலும், மாறும் காலநிலைக்கு ஏற்ப எங்களைத் தயார்படுத்துவதை "இசைவாக்கம்" என்று எழுதினால் யாருக்கு விளங்கும், வீட்டுத் தரையை உயர்த்துங்கள் என்று எழுதலாமே.

கடைசியாக வட்ஸ்அப். குடும்பக் குழுவில் மாமா ஒரு பொய்ச் செய்தியை அனுப்பினால், எல்லோர் முன்னாலும் திருத்தாதீர்கள். அவருக்கு வெட்கம்தான் வரும், அடுத்த செய்தியை வீம்புக்கே அனுப்புவார். தனியாகக் கோல் எடுத்து, "மாமா, நீங்கள் சின்ன வயதில் இருக்கும்போது இந்த மாதத்தில் மழை எப்படி இருந்தது?" என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை இடையில் பேசாதீர்கள்.