மலேசியாவில் வேலைநீக்கம்: 60 நாளுக்குள் செய்ய வேண்டியவை

வேலைநீக்கக் கடிதம் கைக்கு வந்த அன்றே 60-ஆவது நாளைக் கணக்கிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 1967-ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டம், 20-ஆவது பிரிவின்படி, நியாயமின்றி நீக்கப்பட்டவர் அதற்குள் முறையீடு செய்ய வேண்டும். மார்ச் 1-இல் நீக்கினால் ஏப்ரல் 30 கடைசி நாள். ஒரு நாள் பிந்தினாலும் ஏற்க மாட்டார்கள். நோய்வாய்ப்பட்டிருந்தேன், சட்டம் தெரியாது என்பதெல்லாம் எடுபடாது. நோட்டீஸ் கொடுத்து நீக்கியிருந்தால் அந்தக் காலத்திலேயே முறையிடலாம். 60 நாள் கணக்கு நோட்டீஸ் முடிந்த பிறகுதான்.

நிர்வாகத்திடம் மேல்முறையீடு செய்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அது நடக்கட்டும், நாட்கள் நிற்பதில்லை.

அடுத்த குழப்பம், எந்த இலாகா என்பது. சம்பள பாக்கி, மிகைநேர ஊதியம், ஆட்குறைப்புத் தொகை ஆகியவற்றுக்குத் தொழிலாளர் இலாகா. வேலைநீக்கமே தவறு என்றால் தொழிலுறவு இலாகா, அதாவது ஜாபாத்தான் பெர்ஹுபுங்கான் பெருசஹான். தொழிலாளர் இலாகாவில் மனு கொடுத்ததால் இங்கே உங்கள் 60 நாள் நீளாது. அரசு ஊழியர்களுக்கு இந்த வழி இல்லை.

முறையீட்டில் 'மீண்டும் வேலையில் அமர்த்துக' என்றே கேளுங்கள். சட்டம் அப்படித்தான் வகுத்திருக்கிறது. நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், காரணங்கேட்கும் கடிதம், உங்கள் பதில், உள்விசாரணைக் குறிப்புகள் எல்லாவற்றுக்கும் நகல் வைத்திருங்கள். அலுவலக மின்னஞ்சல் முடக்கப்படும் என்பதால் உங்களுக்கு வந்த கடிதங்களை அச்சிட்டு வைப்பது நல்லது. ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். போட்டுவிட்டால், நீக்கினார்கள் என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். நீக்கியதை முதலாளி ஒப்புக்கொண்டாலோ, காரணத்தை நிரூபிக்க வேண்டியவர் அவர்தான்.

முறையிட்ட பிறகு, முதலில் தொழிலுறவு இலாகாவில் சமரசப் பேச்சு. வழக்கறிஞருக்கு அங்கே இடமில்லை. உடன்பாடு எட்டாவிட்டால் வழக்கு தொழிலியல் நீதிமன்றத்துக்குப் போகும்.

இழப்பீடு எவ்வளவு? நிரந்தர ஊழியருக்குக் கடைசிச் சம்பளத்தில் அதிகபட்சம் 24 மாதப் பின்சம்பளம் (நீக்கிய பிறகு கிடைக்காமல் போன சம்பளம்), தகுதிகாண் ஊழியருக்கு 12 மாதம். வேலையில் திரும்ப அமர்த்தாவிட்டால், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம் தருவது வழக்கம். 3,000 ரிங்கிட் சம்பளம், 6 ஆண்டு சேவை என்றால் 72,000-உம் 18,000-உம் சேர்த்து 90,000 வரை போகலாம். ஆனால் இடையில் வேறு வேலையில் சம்பாதித்திருந்தால் ஒரு பங்கு கழியும். உங்கள் பக்கமும் தவறிருந்தால் இன்னும் குறையும்.

தீர்ப்பு ஏற்புடையதல்ல என்றால் 14 நாளுக்குள் உயர் நீதிமன்றம் போகலாம்.