மணவாளக்குறிச்சி மணலில் தொடங்கி ஹீலியம் வரை: கடுங்குளிர்ப் பாடம் எடுப்பது எப்படி

கடுங்குளிரில் பொருள் என்ன ஆகிறது என்று சொல்லிக்கொடுக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். டேப், சாக்பீஸ், நீளமான வராந்தா போதும். தக்கலைப் பக்கம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு பிசிக்ஸ் எடுக்கிறவன் நான், இப்படித்தான் எடுக்கிறேன்.

தரையில் 303 சென்டிமீட்டருக்குக் கோடு போடுங்கள். ஒரு கெல்வினுக்கு ஒரு சென்டிமீட்டர். ஒரு முனை சுழி கெல்வின், அதாவது மைனஸ் 273.15 டிகிரி செல்சியஸ்; அங்கிருந்து ஒரு டிகிரி ஏறினால் ஒரு கெல்வின். மறுமுனை நம்ம ஊர் 30 டிகிரி. 77-இல் நைட்ரஜனின் கொதிநிலையைக் குறியுங்கள். மாடு வளர்க்கிற வீட்டுப் பிள்ளைக்கு அது புதிதல்ல. சினை ஊசிக்கான உறைவிந்தை திரவ நைட்ரஜனில்தான் வைக்கிறார்கள். 4.2-இல் ஹீலியத்தின் கொதிநிலை. 2.17-இலும் ஒரு கோடு. அது எதற்கு என்று இப்போது சொல்ல வேண்டாம்.

அப்புறம், இந்த ஹீலியம் எங்கே கிடைக்கும் என்று சொல்ல மணவாளக்குறிச்சிக்கு வாருங்கள். அந்தக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, அதற்குள் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம். தோரியம் சிதையும்போது வெளிவரும் ஆல்ஃபா துகள் ஹீலியத்தின் அணுக்கருதான்; அது இரண்டு எலெக்ட்ரான்களைப் பிடித்தால் ஹீலியம் அணு. அது மணல்துகளுக்குள்ளேயே சிக்கிக் கிடக்கும். 1908 ஜூலை 10 அன்று நெதர்லாந்தின் லைடனில் காமர்லிங் ஓன்னஸ் என்ற இயற்பியலாளர் முதன்முதலாக ஹீலியத்தைத் திரவமாக்கினாரே, அந்த வாயுவும் மோனசைட் மணலைச் சூடாக்கி எடுத்ததுதான். ஆனால் அது அமெரிக்க மணல். நம்முடையது என்று சொல்லிவிடாதீர்கள். மணலை வகுப்புக்கு அள்ளி வரவும் வேண்டாம், கதிரியக்கம் உள்ளது. படம் போதும்.

இனி 2.17. இங்கே அவசரப்படாதீர்கள், ஒரு முழுப் பீரியடு கொடுங்கள். திரவ ஹீலியத்தின் மேலுள்ள ஆவியை பம்ப் வைத்து இழுக்கும் வீடியோ ஒன்றைப் போடுங்கள். குமிழி பொங்கிக் கொதிக்கும், 2.17-ஐத் தாண்டியதும் சட்டென்று அத்தனை குமிழியும் நின்றுவிடும். அந்த இடத்தில் நிறுத்தி, "கொதிப்பு ஏன் நின்றது?" என்று கேளுங்கள். உறைந்துவிட்டது என்பார்கள். இல்லை. சாதாரண அழுத்தத்தில் ஹீலியம் உறையவே உறையாது, சுமார் 25 மடங்கு வளிமண்டல அழுத்தம் வேண்டும். இப்போது அது மீப்பாய்மம், அதாவது உராய்வே இல்லாமல் ஓடும் திரவம். வெப்பம் அதற்குள் அவ்வளவு வேகமாகப் பரவுவதால் ஓரிடம் மட்டும் சூடேறிக் குமிழி விட வழியில்லை. ஆவியாவது மேற்பரப்பில் மட்டும். பாத்திரத்தின் சுவரில் மெல்லிய படலமாக ஏறி வெளியே சொட்டுவதையும் காட்டுங்கள். ஓன்னஸ் அன்றைக்கே இந்தக் கோட்டைத் தாண்டியிருந்தார், ஆனால் உராய்வில்லாமல் ஓடும் இந்தத் தன்மை வெளியே தெரிய 1938 ஆயிற்று.

1911-இல் அவர் பாதரசத்தில் கண்ட மீக்கடத்துதிறனை, அதாவது கடுங்குளிரில் மின்தடை இல்லாமல் போவதை, இரண்டு வரியில் சொன்னால் போதும், அதற்குத் தனி வகுப்பு எடுக்கலாம்.

கடைசியாக நம் இயற்பியலாளர் சத்யேந்திரநாத் போஸ். டாக்காவில் இருந்து 1924-இல் ஐன்ஸ்டீனுக்கு அவர் அனுப்பிய கட்டுரையில் தொடங்கிய கணக்கு, 1995-இல் கொலராடோவில் ரூபிடியம் அணுக்களில் நிஜமானது. போஸ்-ஐன்ஸ்டீன் செறிபொருள் என்று அதற்குப் பெயர். முதலில் லேசரால் குளிர்விக்கிறார்கள். பிறகு, ஆவி போகப் போகச் சாயா ஆறுகிற மாதிரி, வேகமான அணுக்களை வெளியேற விட்டு மிச்சத்தை ஆற்றுகிறார்கள். சுமார் 170 நானோகெல்வினில் (நானோ என்றால் நூறு கோடியில் ஒரு பங்கு) ஆயிரக்கணக்கான அணுக்கள் ஒரே குவாண்டம் நிலைக்கு வந்துவிடுகின்றன. இது உறைந்த கட்டி அல்ல, காற்றைவிட மிக மிக மெலிந்த வாயு. இதை அழுத்திச் சொல்லுங்கள்.

அந்த 170 நானோகெல்வினை நம் கோட்டில் எங்கே குறிப்பது என்று பிள்ளைகளையே கணக்குப் போட விடுங்கள். சுழியில் இருந்து 1.7 நானோமீட்டர் வரும். சுழியையே தொட முடியாதா என்று யாராவது கேட்பார்கள். முடியாது, அடுத்த பீரியடை அந்தக் கேள்வியிலேயே தொடங்குங்கள்.