உங்க தெருவுல 15 வீடு சேர்ந்தா போதும்: பேரிடருக்கு ரெடியாகுறது எப்படி?

பேரிடருக்கு ரெடியாகுறது எப்படின்னு தேடினா முதல்ல வர்றது ஒரு பையும் அதுக்குள்ள போட வேண்டிய சாமான் லிஸ்ட்டும்தான். பை வேணாம்னு சொல்லல, அதைப் பத்தி கீழ சொல்றேன். ஆனா வீடு இடிஞ்சு உள்ள மாட்டிக்கிட்டா அந்தப் பை வந்து உங்களை வெளிய இழுக்காது, நீங்க உள்ள இருக்கீங்கன்னு தெரிஞ்ச ஒருத்தர்தான் இழுப்பாரு. 1995 ஜனவரி 17 அன்னைக்கு ஜப்பான்ல கோபே பக்கம் பெரிய நிலநடுக்கம் வந்து 6,400 பேருக்கு மேல செத்துப்போனாங்க, அப்போ இடிபாட்டுல இருந்து உயிரோட வெளிய வந்தவங்கள்ல பெரும்பாலானவங்களை எடுத்தது வீட்டு ஆளுங்களும் அக்கம்பக்கத்துக்காரங்களும்தான். மீட்புப் படை மேல தப்பில்ல, ஒரே நேரத்துல ஊர் முழுக்க கூப்பிட்டா யாராலயும் வந்து சேர முடியாது, ரோடும் அடைபட்டிருக்கும். ஆக முதல் சில மணி நேரம் உங்க தெருவுக்கு உங்க தெருதான் துணை. அதுக்கு என்ன செய்யணும்னு ஆரம்பத்துல இருந்து பார்ப்போம்.

ஸ்டெப் 1: என்ன வரும்னு முடிவு பண்ணுங்க

எல்லா ஆபத்துக்கும் தயாராகணும்னு கிளம்பினா ஒண்ணுக்கும் தயாராக மாட்டீங்க. வெள்ளம், புயல், நிலநடுக்கம், தீ, கடும் வெயில், இதுல உங்க ஏரியாவுக்கு நிஜமாவே வரக்கூடியது ரெண்டு மூணுதான் இருக்கும். ரொம்ப வருஷமா அங்கயே இருக்குற பெரியவங்களைக் கேளுங்க, போன தடவை தண்ணி எந்தப் பக்கத்துல இருந்து வந்துச்சு, எந்தப் படி வரைக்கும் ஏறுச்சுன்னு. மேப்ல கிடைக்காத தகவல் எல்லாம் அவங்ககிட்ட இருக்கும்.

ஸ்டெப் 2: 15 முதல் 20 வீடு, அதுக்கு மேல வேணாம்

ஏரியா முழுக்க சேர்க்கணும்னு ஆசை வரும், விட்டுடுங்க. அவசரத்துல ஒரு ரவுண்டு நடந்தா எல்லா கதவையும் தட்டிட முடியணும், அதுதான் அளவு. அபார்ட்மெண்ட்னா ஒரே படிக்கட்டை யூஸ் பண்ற வீடுங்களை ஒரு குழுவா வச்சுக்கலாம். முதல் மீட்டிங் ஒரு மணி நேரத்துல முடியணும், அதுக்கு மேல இழுத்தா அடுத்த தடவை பாதிப்பேர் வர மாட்டாங்க. இன்னொண்ணு, சங்கம் ஆரம்பிக்கப் போறோம்னு மட்டும் சொல்லிடாதீங்க, தலைவர் யாரு செயலாளர் யாருன்னு பேச்சு போய் கதை அங்கயே முடிஞ்சிடும்.

ஸ்டெப் 3: பேப்பர்ல ஒரு மேப்

எனக்குத் தெரிஞ்சு இருக்குறதுலயே முக்கியமான வேலை இதுதான், இதை மட்டும் பண்ணிட்டு மத்ததை விட்டாக்கூட பாதி கிணறு தாண்டின மாதிரி. ஒரு பெரிய பேப்பர்ல எல்லா வீட்டையும் கட்டம் கட்டமா வரைஞ்சு, ஒவ்வொரு கட்டத்துலயும் கரண்ட் மெயின் எங்க இருக்கு, கேஸ் வால்வ் எங்க இருக்கு, யார்கிட்ட ஏணி இருக்கு, கடப்பாரை இருக்கு, கயிறு இருக்கு, யாரு நர்ஸ், யாரு எலக்ட்ரீஷியன், யாருக்கு நீச்சல் தெரியும்னு குறிச்சுக்கோங்க. இப்படி கேட்டுப் பார்த்தா ஆச்சரியமா இருக்கும், காசு போட்டு வாங்கணும்னு நினைச்ச பாதி சாமான் ஏற்கனவே தெருவுலயே ஏதோ ஒரு வீட்டு பரண்ல கிடக்கும்.

அடுத்து, யாருக்கு உதவி வேணும். படுக்கையில இருக்குறவங்க, கைக்குழந்தை, காது கேக்காதவங்க, டயாலிசிஸ் போறவங்க, கரண்ட் போனா நின்னுபோற ஆக்சிஜன் மெஷின்ல இருக்குறவங்க, ஃப்ரிட்ஜ்ல இன்சுலின் வச்சிருக்குறவங்க, அப்புறம் தனியா இருக்குற பெரியவங்க. இந்தக் கடைசி ஆளுங்களை நாமதான் அடிக்கடி மறந்துடுறோம். 1995 ஜூலைல சிகாகோல வந்த வெயில்ல 700 பேருக்கு மேல இறந்தாங்க, அதுல நிறைய பேர் வீட்டுல தனியா இருந்த வயசானவங்க, கட்டடம் ஒண்ணும் இடியல, தண்ணி ஏறல, போய் எட்டிப்பார்க்க ஆள் இல்லாமப் போச்சு அவ்ளோதான். அதனால தனியா இருக்குற ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு பேரைப் போடுங்க, ஒருத்தர் ஊர்ல இல்லன்னா இன்னொருத்தர் போய்ப் பார்க்கணும்.

ஒரு எச்சரிக்கை. இந்த விவரத்தை எல்லாம் அவங்க சம்மதம் இல்லாம எழுதாதீங்க, எழுதினதை போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்ல போடவே போடாதீங்க. யார் தனியா இருக்காங்க, எந்த வீடு பகல்ல பூட்டியிருக்கும்ங்கிறது திருடனுக்கும் ரொம்ப உபயோகமான தகவல். நம்பிக்கையான மூணு பேர் வீட்டுல ஒவ்வொரு காப்பி இருந்தா போதும்.

ஸ்டெப் 4: போன் இல்லாம பேசுறது

டவர் விழுந்துடும், இல்லன்னா எல்லாரும் ஒரே நேரத்துல கூப்பிட்டு லைன் ஜாம் ஆயிடும். அதனால வாசக்கதவுல ஒட்ட ரெண்டு பேப்பர் ரெடியா வச்சுக்கோங்க, ஒண்ணுல "நல்லா இருக்கோம்", இன்னொண்ணுல "உதவி வேணும்", தெருவுல இருந்து படிக்கிற அளவுக்கு பெருசா. ரெண்டுமே ஒட்டாத வீடு இருந்தா, அதை உதவி கேட்ட வீடாவே எடுத்துக்கணும், ஏன்னா ஒட்டக்கூட முடியாத நிலைமையில இருக்கலாம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு விசில் இருந்தா நல்லது, கத்திக் கத்தி தொண்டை கட்டிப்போகும், விசிலை ரொம்ப நேரம் ஊதலாம். கூடுற இடம் ஒண்ணு முன்னாடியே முடிவு பண்ணுங்க, கரண்ட் கம்பிக்கும் உயரமான சுவருக்கும் தள்ளி. லைன் ஜாம் ஆன நேரத்துல கால் போகலன்னாலும் எஸ்எம்எஸ் போக வாய்ப்பு இருக்கு, வெளியூர்ல இருக்குற ஒரே ஒரு சொந்தக்காரருக்கு வீட்டுல எல்லாரும் தகவல் சொல்லணும்னு பேசி வச்சுக்கிட்டா அவர் மூலமா யார் எங்க இருக்காங்கன்னு தெரிஞ்சிடும். அந்த நம்பரை பேப்பர்லயும் எழுதி வைங்க, இப்போ யாருக்கு நம்பர் மனப்பாடமா தெரியுது?

ஸ்டெப் 5: யார் எதைப் பார்க்கணும்

முதல்ல அவங்கவங்க வீடு. செருப்போ ஷூவோ போட்டுக்கிட்டுதான் நடக்கணும், உடைஞ்ச கண்ணாடியில காலை வெட்டிக்கிட்டா உதவி செய்ய வேண்டிய ஆளே உதவி கேக்கற ஆளாயிடுவாரு. கேஸ் வாடை வந்தா ஸ்விட்சைப் போடவும் கூடாது அணைக்கவும் கூடாது, எல்லாரும் வெளிய வந்துட்டு அப்புறம் போன் பண்ணுங்க. பைப் கேஸா இருந்து வால்வை மூடிட்டீங்கன்னா திரும்ப நீங்களா திறக்காதீங்க, கேஸ் கம்பெனி ஆள் வந்து செக் பண்ணிதான் திறக்கணும். தண்ணியில நின்னுக்கிட்டு மெயின் ஸ்விட்சைத் தொடக் கூடாது.

அப்புறம் கூடுற இடத்துக்கு வந்து நாலு குழுவா பிரிஞ்சுக்கலாம்: ரேடியோல செய்தி கேக்கறவங்க, கேஸ் கரண்ட் பார்க்கறவங்க, கதவுல பேப்பர் பார்த்துட்டு வர்றவங்க, குழந்தைங்களையும் அடிபட்டவங்களையும் பார்த்துக்கறவங்க. யாரும் தனியாப் போகக் கூடாது, ரெண்டு ரெண்டு பேரா.

இங்க ஒரு விஷயத்தை கொஞ்சம் கடுமையாவே சொல்லணும். 1985ல மெக்சிகோ சிட்டி நிலநடுக்கத்துல பயிற்சி இல்லாத சாதாரண ஜனங்க இறங்கி 800 பேர் அளவுக்குக் காப்பாத்தினாங்க, ஆனா அந்த முயற்சியிலேயே காப்பாத்தப் போனவங்க 100 பேர் வரைக்கும் உயிரை விட்டாங்க. இந்த அனுபவத்தையும் பார்த்துதான் லாஸ் ஏஞ்சலஸ் தீயணைப்புத் துறை பொதுமக்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பிச்சது. அதனால சாஞ்சு நிக்கிற கட்டடத்துக்குள்ள போகாதீங்க, உள்ள ஆள் இருக்காங்கன்னு எழுதி வச்சு மீட்புப் படைகிட்ட கரெக்டா இடத்தைக் காட்டுங்க, அதுவே பெரிய உதவி. ஓடுற வெள்ளம் 15 சென்டிமீட்டர் இருந்தாலே நிக்கிற ஆளைத் தள்ளிடும், 60 சென்டிமீட்டர் இருந்தா பெரும்பாலான காரை மிதக்க வச்சு இழுத்துட்டுப் போயிடும், கணுக்கால் அளவுதானேன்னு இறங்குறவங்கதான் மாட்டிக்கிறாங்க. ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளயோ பால்கனியிலயோ ஓட்டவே கூடாது, அதோட புகையில வர்ற கார்பன் மோனாக்சைடுங்கிற விஷவாயுவுக்கு வாடையும் கிடையாது நிறமும் கிடையாது, ஜன்னல் கதவுக்கு குறைஞ்சது 6 மீட்டர் தள்ளி வெளிய வைங்க.

ஸ்டெப் 6: முதலுதவி

இதைப் படிச்சு கத்துக்க முடியாது, குழுவுல ரெண்டு மூணு பேராவது நேர்ல கிளாஸ் போய் வாங்க. அதுவரைக்கும் இதை ஞாபகம் வச்சுக்கோங்க: ரத்தம் கொட்டினா சுத்தமான துணியை வச்சு அழுத்தணும், நின்னுச்சான்னு எடுத்து எடுத்துப் பார்க்காம அழுத்திக்கிட்டே இருக்கணும். மூச்சுப்பேச்சு இல்லாத பெரியவங்களுக்கு நெஞ்சு நடுவுல நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாம அமுக்கணும்.

ஸ்டெப் 7: இப்போ அந்தப் பை

தண்ணி ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் கணக்கு, குறைஞ்சது 3 நாளைக்கு. நாலு பேர் வீட்டுக்கு 48 லிட்டர் ஆகுது, பையில எல்லாம் அடங்காது, கேன்லதான் வைக்கணும். தீர்ந்துட்டா, கிடைச்ச தண்ணியைத் துணியில வடிகட்டி, தளதளன்னு கொதிச்ச பிறகு ஒரு நிமிஷம் விடணும், உயரமான மலைப்பகுதின்னா 3 நிமிஷம். அடுப்பு இல்லன்னா வாசனை சேர்க்காத வீட்டு பிளீச் (துணி வெளுக்குற குளோரின் திரவம்), சோடியம் ஹைபோகுளோரைட் 6 சதவீதம் அளவுல இருக்குறது, லிட்டருக்கு 2 சொட்டு விட்டு 30 நிமிஷம் காத்திருக்கணும். ஆனா பெட்ரோலோ கெமிக்கலோ கலந்த தண்ணின்னா ரெண்டுமே வேலைக்கு ஆகாது, தொடாதீங்க. மீதி எல்லாம் உங்களுக்கே தெரியும்: ஒரு வாரத்துக்கு மருந்து, டார்ச், பேட்டரி ரேடியோ, பவர் பேங்க், சில்லறை, பிளாஸ்டிக் கவர்ல டாக்குமெண்ட் காப்பி.

ஸ்டெப் 8: ஒத்திகை

ஒரு சாயங்காலம், போனை எல்லாம் ஆஃப் பண்ணிட்டு, யாராவது விசில் ஊதி ஆரம்பிங்க. பேப்பர் ஒட்ட எவ்ளோ நேரம் ஆச்சு, எல்லா கதவையும் பார்த்துட்டு வர எவ்ளோ நேரம் ஆச்சுன்னு வாட்ச்ல பாருங்க. ஏணி இருக்குற வீடு பூட்டியிருக்கும், மேப் வச்சிருக்கிற மூணு பேர்ல ரெண்டு பேர் ஆபீஸ்ல இருப்பாங்க, வால்வ் துருப்பிடிச்சு திரும்பாது, இதெல்லாம் அன்னைக்குத்தான் வெளிய வரும், வரட்டும். அங்கயே குறிச்சு அந்த வாரத்துக்குள்ளயே சரி பண்ணிடுங்க.

ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மேப்பை எடுத்து, காலி பண்ணிட்டுப் போனவங்க பேரை அடிச்சுட்டு, புதுசா குடிவந்தவங்க வீட்டுக்கு பேப்பரும் பேனாவுமா போங்க. பூட்டியிருந்தா சாயங்காலம் திரும்பப் போய்ப் பாருங்க.