நாயின் வறண்ட தோல், அரிப்பு, முடி உதிர்வு: தொடக்க நிலையினருக்கான செய்முறை

நாய் ஓயாமல் சொறிந்து, தோலில் பொடுகு போல வெள்ளைத் தூள் உதிர்ந்து, ஆங்காங்கே முடி கொட்டத் தொடங்கினால், நம் வீடுகளில் உடனே வேப்பெண்ணெயும் மஞ்சளும் எடுத்து வரப்படுகின்றன. வடசென்னைத் தெருக்களில் மண்ணெண்ணெயும், மெக்கானிக் கடையின் கழிவு ஆயிலும் பூசப்பட்ட நாய்களைக்கூடக் காணலாம். இவை இரண்டும் தோலைப் புண்ணாக்குவதோடு, நாய் நக்கி விழுங்குவதால் நஞ்சாகவும் மாறுகின்றன என்பதால், அறவே கூடாது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் அவ்வளவு கொடியவை அல்ல. ஆனாலும் தோலின் நிறத்தை மறைத்து, மருத்துவரின் பரிசோதனைக்கு இடையூறாகின்றன. எனவே பூசுவதற்கு முன் பார்க்க வேண்டும்.

முதல் படி: எங்கே முடி கொட்டுகிறது என்று பாருங்கள்

பகல் வெளிச்சத்தில், மாடியிலோ வாசலிலோ நாயை நிறுத்தி, முடியை எதிர்த்திசையில் விலக்கித் தலை முதல் வால் வரை பாருங்கள். சென்னை வெயிலில் ஆண்டு முழுவதும் ஓரளவு முடி உதிர்வது இயல்பே. தோல் வழுக்கையாகத் தெரியாத வரை அதைப் பற்றிக் கவலை வேண்டாம். வழுக்கை தெரிந்தால், அது இருக்கும் இடமே பெரும்பாலும் காரணத்தைச் சுட்டிக்காட்டும்.

வாலின் அடியிலும் பின்தொடைகளிலும் முடி கொட்டியிருந்தால் முதலில் தெள்ளுப்பூச்சியைச் சந்தேகிக்க வேண்டும். பூச்சி கண்ணில் படாவிட்டாலும், சீப்பில் வரும் கருந்துகள்களை ஈரமான வெள்ளைத் துணியில் வைத்து நசுக்கினால், அது தெள்ளின் கழிவாக இருக்கும் பட்சத்தில், செம்பழுப்பு நிறம் பரவும். அது நாயின் இரத்தம். காது ஓரங்களிலும் முழங்கைகளிலும் தோல் தடித்து, இரவும் பகலும் தாங்க முடியாத அரிப்பு இருந்தால், அது சிற்றுண்ணியால் (கண்ணுக்கு எளிதில் தெரியாத மிகச் சிறிய உண்ணியால்) வரும் சொறியாக இருக்கலாம். வீட்டில் உள்ளவர்களுக்கும் கைகளிலோ இடுப்பிலோ சிவந்த கொப்புளங்கள் தோன்றினால் சந்தேகம் வலுக்கும். ஒரு வயதுக்கு உட்பட்ட குட்டியின் கண்களைச் சுற்றியும் வாயோரத்திலும் முன்கால்களிலும் அதிக அரிப்பின்றி முடி கொட்டுவது வேறு வகைச் சிற்றுண்ணியால். இது மனிதருக்குத் தொற்றாது. வட்ட வட்டமாக முடி உதிர்ந்திருந்தால் படர்தாமரையாக இருக்கக்கூடும். அது குழந்தைகளுக்குத் தொற்றும் என்பதால், நாயைத் தொட்ட பின் சோப்பால் கை கழுவ வேண்டும். பாதங்களை நக்குவது, அக்குளும் காதும் சிவப்பது ஆகியவை ஒவ்வாமையின் அடையாளங்கள். அரிப்பே இல்லாமல் உடலின் இரு பக்கங்களிலும் ஒரே மாதிரி முடி குறைந்து, நாய் பருத்து மந்தமானால், தைராய்டு குறைபாட்டுக்கான இரத்தப் பரிசோதனை தேவை. எந்தக் குளியலும் அதைத் தீர்க்காது.

இரண்டாம் படி: குளிப்பாட்டுதல்

மனிதத் தோல் சற்று அமிலத்தன்மை கொண்டது. நாயின் தோலோ நடுநிலையை ஒட்டியது. ஆகவே நம் குளியல் சோப்பு அதை மேலும் வறளச் செய்யும். வெறும் வறட்சிக்கு ஓட்ஸ் சேர்ந்த நாய் ஷாம்பு போதும். பிசுபிசுப்பும் நாற்றமும் இருந்தால் மருத்துவரைக் கேட்டுக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி சேர்ந்த ஷாம்பு வாங்குங்கள். நுரை தோலில் பத்து நிமிடம் ஊறினால்தான் மருந்து வேலை செய்யும். உடனே ஊற்றிக் கழுவிவிடுவதே பலரும் செய்வது. வெந்நீர் அரிப்பைக் கூட்டும் என்பதால் தண்ணீர் குளிர்ந்தோ வெதுவெதுப்பாகவோ இருக்கட்டும். கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீர் உப்புக் கரித்தால், கடைசி அலசலுக்காவது மெட்ரோ தண்ணீரை (நகரக் குடிநீரை) ஒதுக்குங்கள். அக்குள், விரல் இடுக்கு, காது மடல் ஆகியவற்றை நன்றாகத் துடைக்க வேண்டும். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தில் அவை தாமாகக் காய்வதில்லை, பூஞ்சை அங்கேதான் பிடிக்கும். மழைக்காலத்தில் தேங்கிய நீரில் நடந்து திரும்பும் நாய்க்குப் பாதங்களைத் துடைப்பது அன்றாட வேலை.

வறண்டு உரிந்த இடத்தில் மட்டும், புண் இல்லாதபோது, இரண்டொரு துளி தேங்காய் எண்ணெய் தடவலாம். அதிகமானால் நக்கி வயிற்றுப்போக்கு வரும். மருந்துக்கடையில் தாமாகவே வாங்கும் அரிப்புக் களிம்பு வேண்டாம். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதால் அரிப்பு சில நாட்கள் அடங்கினாலும் படர்தாமரையும் சொறியும் மறைவாகப் பரவும்.

மூன்றாம் படி: வீடும் உணவும்

தெள்ளின் முட்டைகள் நாயின் மேல் தங்காமல் கோணிப்பையிலும் தரையின் வெடிப்பிலும் உதிர்ந்துவிடுவதால், நாய்க்கு மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை. படுக்கைத் துணியை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். வீட்டிலுள்ள எல்லா விலங்குகளுக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை அளியுங்கள். நாய்க்கான பெர்மெத்ரின் என்ற பூச்சி மருந்தைப் பூனைக்குப் போட்டால் அது உயிரையே பறிக்கக்கூடும்.

பால் சோறும் தயிர்ச் சோறும் மட்டுமே தின்னும் நாய்க்குத் தோலுக்கு வேண்டிய புரதமும் கொழுப்பு அமிலங்களும் போதுவதில்லை. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகில் வசிப்பவர்களுக்கு மத்தி மீன் எளிது. உப்பு, மிளகாய், வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் வேக வைத்து, முள் நீக்கிச் சிறிதளவு கொடுங்கள். அதிலுள்ள ஒமேகா 3 என்ற கொழுப்பு அமிலம் தோலின் அழற்சியைக் குறைக்க உதவும், ஆனால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

எப்போது மருத்துவரிடம்?

சீழ், துர்நாற்றம், சோர்வு, விரைவாகப் பரவும் வழுக்கை, குட்டி நாய் ஆகியவற்றில் காத்திருக்க வேண்டாம். மற்றவற்றில் இரண்டு வாரக் கவனிப்பில் மாற்றமில்லையெனில் செல்லுங்கள். வடசென்னைக்கு வேப்பேரியில் 1903இல் தொடங்கப்பட்ட சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அருகில்தான் இருக்கிறது. செல்வதற்கு முன் எதையும் பூசாதீர்கள், குளிப்பாட்டவும் வேண்டாம். தோலை லேசாகச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் எளிய பரிசோதனையே பெரும்பாலும் வழியைக் காட்டிவிடும். உணவு என்ன, என்ன மருந்து ஏற்கெனவே போடப்பட்டது, அரிப்பு எப்போது தொடங்கியது என்பவற்றைக் குறித்துக்கொண்டு போங்கள்.

சிகிச்சை தொடங்கிய பின் வாரம் ஒருமுறை அதே இடத்தைப் படமெடுத்து வைத்தால், முன்னேற்றத்தை நினைவை நம்பாமல் ஒப்பிடலாம். அரிப்பு முதலில் அடங்கும். முடி நிரம்ப ஓரிரு மாதம் ஆகும். குட்டிகளுக்கு வரும் சிற்றுண்ணி நோயில், முடி முளைத்துவிட்டதென்று மருந்தை நிறுத்தக்கூடாது; ஒரு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு பரிசோதனைகளிலும் உண்ணி இல்லையென்று வந்த பிறகே மருத்துவர் நிறுத்தச் சொல்வார்.