சினை முயலும் அதன் துணையும்: சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இடம் பிரித்துக் கொடுப்பது எப்படி

ஜோடியாகப் பழகிய முயல்களில் ஒன்று சினையானதும் சிலர் இரண்டையும் அப்படியே ஒன்றாக விட்டுவிடுகிறார்கள். சிலர் துணையைக் கொண்டுபோய் வேறு அறையில் அடைக்கிறார்கள். முதலாவது குட்டிகளுக்கு ஆபத்து. இரண்டாவதில் பழக்கம் அறுந்துவிடும், பிறகு சேர்த்து வைப்பது பெரும்பாடு. ஒரே அறையில் தனித்தனி இடம், நடுவே தடுப்பு என்பதே சரியான ஏற்பாடு.

எப்போது பிரிப்பது என்பது துணை எது என்பதைப் பொறுத்தது. கருத்தடை செய்யாத ஆண் என்றால் இன்றைக்கே பிரியுங்கள். குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே தாய் மறுபடி சினையாகிவிடலாம். அறுவை சிகிச்சை முடிந்து 6 வாரம் ஆகாத ஆணையும் நம்பக்கூடாது. கம்பி இடுக்கு வழியாகவே இணைசேரும் முயல்கள் உண்டு என்பதால், இப்படிப்பட்ட ஆணுக்கு ஒரு தடுப்பு போதாது, 10 செ.மீ. இடைவெளி விட்டு இரண்டு வையுங்கள். கருத்தடை செய்து நாளான துணை, ஆணோ பெண்ணோ, ஏறக்குறைய 25ஆம் நாள் வரை கூடவே இருக்கலாம். தாய் உறுமினாலோ துரத்தினாலோ அன்றே பிரித்துவிடுங்கள். சினைக்காலம் 28 முதல் 32 நாள், பெரும்பாலும் 31. நாள் கணக்கு தெரியாவிட்டால் முயல் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இடத்துக்கு வரவேற்பறை மூலை நல்லது. துணி துவைக்கும் இடம் வேண்டாம். வாஷிங் மெஷின் சத்தம் தாயை மிரட்டும், பிற்பகல் வெயிலும் அடிக்கலாம். பாம் ஷெல்டரில் (வீட்டுக்குள் இருக்கும் பாதுகாப்பு அறையில்) காற்றோட்டம் போதாது. 90 செ.மீ. உயரத் தடுப்புப் பலகைகளால் 240 × 120 செ.மீ. அடைப்பு கட்டி, நடுவில் பிரித்தால் ஆளுக்கொரு 120 செ.மீ. சதுரம் கிடைக்கும். வழுக்கும் தரையில் பாய் விரியுங்கள்.

பலர் கோட்டைவிடுவது தடுப்பின் அடிப்பகுதியில்தான். குட்டிகள் பால் குடிக்கும்போது தாய் பிரசவப் பெட்டியிலிருந்து சட்டென்று வெளியே தாவினால், காம்பைக் கவ்விய குட்டியும் சேர்ந்து வெளியே வந்து விழும். கண் திறக்காத அந்தக் குட்டி ஊர்ந்து ஊர்ந்து கம்பிக்கு அந்தப் பக்கம் போய்விடும். அதனால் கீழே 25 செ.மீ. உயரத்துக்குப் பிளாஸ்டிக் அட்டையை கேபிள் டையால் இறுக்கிக் கட்டுங்கள். கட்டின் முனைகள் வெளிப்பக்கம் இருக்கட்டும். உள்ளே இருந்தால் கடித்துத் தின்னும்.

பிரசவப் பெட்டி 45 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் இருந்தால் நடுத்தர முயலுக்குப் போதும். வாசல் விளிம்பு 15 செ.மீ. உயரம் இருக்கட்டும்; தொங்கி வரும் குட்டி அதில் தட்டி உள்ளேயே விழும். 26 அல்லது 27ஆம் நாள் உலர்புல் நிரப்பி, தடுப்பிலிருந்து மிகத் தள்ளிய மூலையில் வையுங்கள். ரொம்ப முன்னாலேயே வைத்தால் அதையே கழிப்பிடமாக்கிவிடும். தாய் தன் ரோமத்தைப் பிடுங்கி மெத்தை போடும். நம் ஊர் வெக்கையில் சில நேரம் அது அதிகமாகிவிடும்: குட்டிகள் மூச்சிரைத்து, ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் படுத்தால் மேலிருக்கும் ரோமத்தில் கொஞ்சம் எடுத்துவிடுங்கள். விளக்கு வைத்துச் சூடேற்றத் தேவையில்லை. தாய்க்குத்தான் வெப்பம் ஆகாது. மின்விசிறி ஓடட்டும், காற்று பெட்டிக்குள் நேராக அடிக்கக்கூடாது. எறும்பைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், பிறந்த குட்டிகளைக் கடித்தே கொன்றுவிடும். ஈரப் புல்லையும் சிந்திய தீனியையும் தினமும் துடையுங்கள்; மருந்து தெளிக்கவே வேண்டாம்.

தாய் ஒரு நாளைக்கு ஓரிரு முறை, சில நிமிடம் மட்டுமே பால் கொடுக்கும். பெட்டிப் பக்கமே போகவில்லை என்று பதறாதீர்கள். காலையில் தாய்க்குத் தேக்கா சந்தையில் வாங்கிய கொத்தமல்லியை நீட்டிவிட்டு, அது தின்னும் நேரத்தில் குட்டிகளைப் பாருங்கள். வயிறு உருண்டு இறுகியிருந்தால் பால் கிடைத்திருக்கிறது. தோல் சுருங்கி மடிந்திருந்தால் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். தாய்க்குத் திமோத்தி புல்லோடு அல்ஃபால்ஃபா (குதிரைமசால்) புல்லும், கூடுதல் பெல்லட்டும் (முயல் தீனிக் குச்சி), வற்றாத தண்ணீரும் வேண்டும்.

துணையின் பக்கத்தை மறந்துவிடாதீர்கள். இருவருக்கும் தடுப்பை ஒட்டியே தீனி வையுங்கள். தினமும் ஒருவர் படுக்கும் துணியை மற்றவரிடம் மாற்றிப் போட்டால் வாசனை மறக்காது. தாய் முறைத்துப் பாய்ந்தால் அந்த மாற்றலைச் சில நாள் நிறுத்துங்கள்.

குட்டிகள் 8 வாரம் தாயோடு இருக்கட்டும். 10 வாரத்துக்குள் ஆண் குட்டிகளைப் பிரித்துவிடுங்கள். பால் வற்றியபின் தாய்க்குக் கருத்தடை செய்து, புண் ஆறி நான்கைந்து வாரம் கழித்து, இரண்டுக்கும் சொந்தமில்லாத இடத்தில், கால்மிதி விரித்த குளியலறை போல, பத்து நிமிடத்தில் தொடங்கிப் பழக்குங்கள். சண்டை மூண்டால் கையை நடுவில் விடாமல் கனமான துண்டைப் போட்டுப் பிரியுங்கள்.