கால் பயிற்சிக்குப் பின் வரும் தசைவலி: அந்த ஐந்து நாட்களில் நாம் செய்யும் தவறுகள்

கால்களுக்குக் கடுமையாகப் பயிற்சி செய்த அன்று இரவு நன்றாகத்தான் தூங்குவோம். மறுநாள் காலையில் தொடையில் லேசான இறுக்கம் தெரியும். அதற்கும் அடுத்த நாள்தான் வலி தன் முழு உருவத்தைக் காட்டும். நாற்காலியில் உட்காரக் கைப்பிடி வேண்டும். மாடிப்படியில் எப்படியோ ஏறிவிடலாம், இறங்குவது பெரும்பாடு. சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு படியாகக் கால் வைத்து இறங்கிய அனுபவம் எனக்கு உண்டு. பல மாத இடைவெளிக்குப் பிறகு ஜிம்முக்குத் திரும்பிய முதல் நாளே, விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம் என்று பழைய எடையைத் தோளில் ஏற்றிக்கொண்டதன் விளைவு அது. வலியைத் தீர்க்கிறேன் என்று அடுத்த ஐந்து நாட்களில் நான் செய்தவற்றில் பெரும்பாலானவை தவறு என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டபோது, வலியைவிட அதுதான் அதிகம் உறுத்தியது.

இந்த வலிக்கென்று ஒரு கால அட்டவணை உண்டு. பயிற்சி முடிந்து 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கும். 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொடும். பெரும்பாலும் 5 முதல் 7 நாட்களில் தானாக அடங்கிவிடும். இரண்டாம் நாள் முதல் நாளைவிட மோசமாக இருக்கிறதே என்று பதறத் தேவையில்லை. அதன் இயல்பே அப்படித்தான்.

லாக்டிக் அமிலத்தின் மேல் பழிபோடுவது

"லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது, அதை வெளியேற்ற வேண்டும்" என்ற பேச்சு இல்லாத உடற்பயிற்சிக் கூடமே இருக்காது. கடும் பயிற்சியின்போது இரத்தத்தில் லாக்டேட் (லாக்டிக் அமிலம் உடலில் இருக்கும் வடிவம்) கூடுவது உண்மை. ஆனால் பயிற்சியை நிறுத்திய ஒரு மணி நேர அளவில் அது பழைய நிலைக்கு இறங்கிவிடுகிறது. நேற்றே போய்விட்ட ஒன்று நாளை மறுநாள் வரும் வலிக்குக் காரணமாக முடியாது.

1983இல் வெளியான ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. டிரெட்மில்லில் சிலரைச் சமதளத்திலும், பிறகு இறக்கத்திலும் ஓட வைத்தார்கள். சமதளத்தில் ஓடியபோது லாக்டேட் கூடியது. பின்னர் வலி வரவில்லை. இறக்கத்தில் ஓடியபோது லாக்டேட் கூடவே இல்லை; வலியோ கடுமையாக வந்தது. அதற்கு முன்பே, 1902இல், தியோடர் ஹஃப் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் இந்தத் தாமதமான வலிக்குக் காரணம் தசைக்குள் ஏற்படும் நுண்ணிய கிழிசல்களாக இருக்கலாம் என்று எழுதியிருந்தார்.

சிக்கல் இறக்கத்தில்தான் இருக்கிறது. ஸ்குவாட் (குந்தி எழும் பயிற்சி) செய்து கீழே இறங்கும்போது தொடையின் முன்தசை எடையைத் தாங்கிக்கொண்டே நீளுகிறது. லஞ்ச் (ஒரு காலை முன்னே வைத்து முழங்காலை மடக்கித் தாழும் பயிற்சி) செய்யும்போதும், மலைச்சரிவில் இறங்கும்போதும் நடப்பது அதுவே. சுருங்கி எடையைத் தூக்கும்போது இருப்பதைவிட, நீண்டுகொண்டே தாங்கும்போது குறைவான இழைகள் அதே பாரத்தைச் சுமக்கின்றன. அந்த இழைகளிலும் அவற்றைச் சுற்றியுள்ள உறையிலும் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. அதைச் சரிசெய்ய உடல் அழற்சியை உண்டாக்குகிறது. அங்குள்ள நரம்பு முனைகள் கூர்மையடைகின்றன. சாதாரணத் தொடுதலும் அசைவும்கூட வலியாகத் தெரிவது அதனால்தான். படியேறுவதைவிட இறங்குவது ஏன் கொடுமையாக இருக்கிறது என்ற கேள்விக்கும் இதுவே விடை: புண்பட்டிருக்கும் அதே தசையிடம், புண்பட வைத்த அதே வேலையை மறுபடி வாங்குகிறோம்.

அமிலத்தின் மேல் பழிபோடுவதால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். அமிலத்தை "வெளியேற்ற" என்றே மறுநாள் வியர்க்க வியர்க்க ஓடுகிறவர்களையும், வலிக்கும் தொடையை முரட்டுத்தனமாகப் பிசைகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். நானும் அதைச் செய்தவன். காரணத்தைத் தவறாகப் புரிந்துகொண்டால் மருந்தும் தவறாகவே அமையும்.

முதல் நாளிலேயே எல்லாவற்றையும் செய்துவிடுவது

மற்றத் தவறுகளைவிட இதைப் பெரிதாக நினைக்கிறேன், ஏனென்றால் வலியின் அளவில் பெரும்பகுதி இங்கேயே முடிவாகிவிடுகிறது. பிறகு என்ன தேய்த்தாலும் விழுங்கினாலும் ஓரளவு தணிக்கலாமே தவிர, நடந்ததை மாற்ற முடியாது.

புதிதாகத் தொடங்குபவரைவிட, விட்டுவிட்டுத் திரும்பி வருபவரே இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார். அவருடைய மூச்சும் மனமும் பழைய எடையை நினைவில் வைத்திருக்கின்றன. தசை தன் தாங்கும் பழக்கத்தை இழந்திருக்கிறது. எடை மேலே போய்விடுகிறது, "பரவாயில்லை, பழைய பலம் போகவில்லை" என்று மகிழ்கிறோம். கணக்கு இரண்டு நாள் கழித்து வருகிறது.

ஆனால் தசைக்கு ஓர் அருமையான குணம் உண்டு. ஒரே ஒரு முறை இப்படிப்பட்ட பயிற்சியைச் சந்தித்துவிட்டாலே, அடுத்த முறை அதே பயிற்சிக்கு வலியும் சேதமும் வெகுவாகக் குறைந்துவிடுகின்றன. இந்தப் பாதுகாப்பு சில வாரங்கள் நீடிக்கும். கைத்தசையில் நடந்த சோதனைகளில் சில மாதங்கள் வரைகூட நீடித்திருக்கிறது. இன்னும் முக்கியமானது, அதைப் பெற முதல் முறையே துவண்டு விழ வேண்டியதில்லை. மிக லேசான எடையில் செய்த பயிற்சிகூடக் கணிசமான பாதுகாப்பைத் தருகிறது.

ஆகவே இடைவெளிக்குப் பிறகு திரும்பும் முதல் நாளில் பழைய எடையில் பாதியை எடுங்கள். ஒவ்வொரு பயிற்சியிலும் இரண்டு செட் (இடைவிடாமல் செய்யும் ஒரு சுற்றுதான் ஒரு செட்) போதும். இன்னும் செய்யலாம் என்று தோன்றும்போதே நிறுத்திவிடுங்கள். அடுத்த இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாகக் கூட்டலாம். அந்த முதல் நாள் மிகச் சாதாரணமாகத் தெரியும், மனம் நிறையாது. அதைத் தாங்கிக்கொள்ளத்தான் ஒழுக்கம் வேண்டும்.

இதனோடு ஒட்டி வரும் இன்னொரு தவறு, வலியை மதிப்பெண்ணாக எண்ணுவது. "நேற்று வலிக்கவில்லை, பயிற்சி வீண்" என்று வருந்துபவர்கள் அடுத்த முறை தேவையில்லாமல் செட்டுகளைக் கூட்டுகிறார்கள். வலி குறைவது தசை பழகிவிட்டதன் அடையாளம். வலியின் அளவும் சேதத்தின் அளவும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்துவதில்லை. வளர்ச்சியோடு அதன் உறவு இன்னும் பலவீனமானது. நீங்கள் தூக்கும் எடையும் செய்யும் எண்ணிக்கையும் மாதக்கணக்கில் கூடுகிறதா என்று குறிப்பேட்டில் பாருங்கள், அது பொய் சொல்லாது.

வலி வந்த பின் அவசரப்படுவது

சிலர் இரண்டு நாள் படுக்கையை விட்டு எழுவதில்லை. சிலர் "வலியை வலியால் போக்குகிறேன்" என்று மறுநாளே மீண்டும் கனமான ஸ்குவாட்டுக்குப் போகிறார்கள். இரண்டுக்கும் நடுவில்தான் வழி இருக்கிறது. சமதளத்தில் 15, 20 நிமிட நடை, பாரமில்லாமல் சைக்கிள் மிதித்தல் போன்ற மென்மையான அசைவு அந்த நேரத்துக்கு வலியை நன்றாகத் தணிக்கும். நிறுத்திய சிறிது நேரத்தில் வலி திரும்பும். அதனால் பலனில்லை என்று எண்ண வேண்டாம். விறைத்துப்போன காலோடு நாள் முழுவதும் கிடப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

உடனே கனமான பயிற்சிக்குத் திரும்புவதில் ஓர் ஆபத்து இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. இந்த நாட்களில் தசை வலிப்பதோடு நிற்பதில்லை, அதன் பலமும் குறைந்திருக்கிறது. மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதை உணரும் திறனும் மங்கியிருக்கிறது. முழங்கால் உள்ளே சரிவதுகூடத் தெரியாமல் எடையோடு இறங்கினால், தசைவலியாக முடிந்திருக்க வேண்டியது மூட்டுக் காயமாக மாறலாம். அன்று கைகளுக்கோ தோளுக்கோ பயிற்சி செய்யுங்கள். முழு ஆழத்துக்கு எடையின்றிக் குந்தி எழ முடிகிறது, லேசான இறுக்கம் மட்டுமே மிச்சம் என்றால் கால் பயிற்சிக்குத் திரும்பலாம். வலி முற்றிலும் மறைய வேண்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

வலிக்கும் தசையை இழுத்து நீட்டுவது பலரின் முதல் வைத்தியம். பயிற்சிக்கு முன்போ பின்போ நீட்டல் செய்வதால் இந்த வலி குறைகிறதா என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, குறைவது உணரவே முடியாத அளவு என்றுதான் தெரிந்தது. மெதுவாக நீட்டுவது இதமாக இருந்தால் செய்யுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தால், ஏற்கெனவே நீண்டு புண்பட்ட இழைகளை மேலும் நீட்டுவதுதான் நடக்கும். மசாஜும் அப்படித்தான்: மிதமாகச் செய்தால் வலியைத் தணிப்பவற்றில் அது முன்னிலையில் இருக்கிறது, முரட்டுத்தனமாகச் செய்தால் நோவைக் கூட்டும். தசையை உருட்டி அழுத்தும் உருளையான ஃபோம் ரோலர் சிறிது நேர இதம் தரும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

பனிநீர்க் குளியல் வலியைக் குறைக்கிறது, அதை மறுக்க முடியாது. ஆனால் தசையை வளர்க்கப் பயிற்சி செய்பவர் ஒவ்வொரு முறையும் அதில் இறங்குவது நல்லதல்ல. 2015இல் வெளியான 12 வார ஆய்வில், எடைப் பயிற்சிக்குப் பின் ஒவ்வொரு முறையும் குளிர்நீரில் இறங்கியவர்களுக்குத் தசை வளர்ச்சியும் பலமும் மற்றவர்களைவிடக் குறைவாகவே கூடின. அடுத்தடுத்த நாட்களில் போட்டி உள்ள விளையாட்டு வீரரின் நிலை வேறு. அவருக்கு நாளைய ஓட்டம்தான் முக்கியம்.

வலிநிவாரணி விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல விரும்புகிறேன். பயிற்சிக்கு முன்பே "வலி வராமல் இருக்க" ஐபுபுரோஃபென் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். உடலில் நீர் வற்றி, தசைச் சிதைவுப் பொருட்கள் இரத்தத்தில் கலக்கும் நேரத்தில் இந்த வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கின்றன. வயிற்றுக்கும் கேடு. தினமும் அதிக அளவில் எடுத்தால் தசை வளர்ச்சியே குறைவதாக இளைஞர்களிடம் நடந்த ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. தூங்கவே முடியாத ஓர் இரவுக்கு ஒரு மாத்திரை என்பது வேறு, அதுவும் சிறுநீரகமும் வயிறும் நன்றாக இருப்பவருக்கு மட்டும்.

உணவைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. தசை வளர்க்க விரும்புபவருக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு சுமார் 1.6 கிராம் புரதம் போதும். அதோடு 7 மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம். இரண்டும் இல்லாமல் வேறு எதற்குப் பணம் செலவழித்தாலும் பெரிய பயன் இல்லை.

எல்லா வலியையும் ஒன்றாக நினைப்பது

இதில் தவறினால் ஈடுசெய்வது கடினம். சாதாரணத் தசைவலி இரு கால்களிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி, தசை முழுதும் பரவி, மந்தமாக இருக்கும். பயிற்சியின் நடுவிலேயே சுருக்கென்று ஓரிடத்தில் வந்த வலி, "பட்" என்ற உணர்வு, பிறகு இரத்தக்கட்டு என்றால் தசை கிழிந்திருக்கலாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, சிவந்து வலித்தால் காலின் ஆழத்திலுள்ள இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்திருக்கக்கூடும். அதோடு மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது ராப்டோமயோலிசிஸ் எனப்படும் கடும் தசைச் சிதைவை. தசை இழைகள் பெருமளவில் சிதைந்து, அவற்றிலுள்ள மயோகுளோபின் என்ற புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும் நிலை அது. பழக்கமில்லாதவர்கள் முதல் நாளிலேயே அளவு கடந்து சைக்கிள் மிதித்தோ, நூற்றுக்கணக்கில் ஸ்குவாட் செய்தோ இதில் விழுந்திருக்கிறார்கள். கடும் வெப்பம், நீர்வற்றல், மது, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மருந்துகள் ஆகியவை ஆபத்தைக் கூட்டும். தொடை கல் போல வீங்குவது, காலைத் தூக்கவே முடியாத பலவீனம், பால் கலக்காத கட்டன் தேநீர் நிறத்தில் சிறுநீர் போன்றவை இதன் அறிகுறிகள். மூன்றும் சேர்ந்து வர வேண்டும் என்பதில்லை. சிறுநீர் நிறம் மாறாமலும் இது வரலாம். வீட்டில் தண்ணீர் குடித்துக்கொண்டு காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இரத்தப் பரிசோதனையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கடும் பயிற்சிக்குப் பிறகு தசைச் சேதத்தைக் காட்டும் கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதி மட்டுமல்ல, கல்லீரல் பரிசோதனையில் பார்க்கும் சில நொதிகளும் ஒரு வாரம் வரைகூட உயர்ந்து நிற்கும், ஏனென்றால் அவை தசையிலும் இருக்கின்றன. வழக்கமான பரிசோதனையை அந்த வாரத்தில் வைத்துக்கொண்டு, கல்லீரல் கெட்டுவிட்டதோ என்று கலங்கியவர்கள் உண்டு. எந்தக் காரணத்துக்காக மருத்துவரைப் பார்த்தாலும், எந்த நாளில் என்ன பயிற்சி செய்தீர்கள், எத்தனை முறை செய்தீர்கள், என்ன மாத்திரை போட்டீர்கள் என்பதை அவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.